சொந்தச் சைக்கிளா, அங்கே வாங்குவதா, வாடகையா? வெளிநாட்டில் தனியாக நெடுந்தூரம் புறப்படுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

வெளிநாட்டில் தனியாக நெடுந்தூர சைக்கிள் பயணம் போவது என்று தீர்மானித்தவர்கள் பாதையைத் தேர்ந்துவிடுகிறார்கள், விசாவுக்கான காகிதங்களைச் சேர்த்துவிடுகிறார்கள், விடுப்புக்கும் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வியில் வாரக்கணக்காக நின்றுவிடுகிறார்கள். எந்தச் சைக்கிளில் போவது? வீட்டில் இருப்பதைப் பிரித்துப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றுவதா, இறங்கும் ஊரில் ஒன்றை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

விமானக் கட்டணத்தையும் வாடகையையும் கூட்டிப் பார்த்து, எது மலிவோ அதை எடுங்கள் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. நாலு பேராகப் போகும் பயணத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு போதும். தனியாகப் போகிறவருக்குப் போதவே போதாது. ஒருவர் சாமான்களுக்குக் காவல் இருக்க, இன்னொருவர் டயர் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போவது இங்கே நடக்காது. இரவல் வாங்க இரண்டாவது கருவிப்பை கிடையாது. சைக்கிள் நின்றால் பயணம் நின்றது. அதனால் உடலுக்குப் பொருந்துமா, பழுதானால் என் கையால் சரிசெய்ய முடியுமா என்ற இரண்டையும் முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகே பணத்துக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரியான சைக்கிள் ஒரு பயணத்தையே காப்பாற்றியதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1894இல் ஆனி லண்டன்டெரி என்ற பெண் பாஸ்டன் நகரிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார். ஏறியது 42 பவுண்டு, அதாவது சுமார் 19 கிலோ எடையுள்ள பெண்கள் சைக்கிள். சிகாகோ போய்ச் சேர்வதற்குள் குளிர்காலம் நெருங்கிவிட்டது. அங்கே அதை விட்டுவிட்டு 21 பவுண்டு எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். நீண்ட பாவாடையையும் கைவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் கடல் கடந்தார்.

## முதலில் அளவுகோல்கள்

உடற்பொருத்தம். நிமிடத்துக்கு 75 சுற்று மிதிக்கிறவர் ஐந்து மணி நேரத்தில் 22,500 முறை ஒவ்வொரு முழங்காலையும் மடக்கி நீட்டுகிறார். இருக்கை ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் அந்தப் பிழை அத்தனை முறை முழங்காலில் விழுகிறது. முதல் நாள் தெரியாது, நான்காம் நாள் தெரியும். சராசரியைவிட மிகக் குள்ளமானவர்களும் மிக உயரமானவர்களும் இந்த அளவுகோலுக்கு இரட்டை மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

உதிரிப்பாகம். டயரின் பக்கவாட்டில் 622, 584, 559 என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 622 என்பது 700சி, 29 அங்குலம் என்ற பெயர்களில் விற்கப்படுவது; 559 என்பது பழைய 26 அங்குல மலைச் சைக்கிளின் அளவு. போகும் வழியில் எந்த எண் கிடைக்கிறதோ அந்த எண்ணுள்ள சைக்கிள்தான் அந்த வழிக்குப் பொருத்தம்.

பாதையின் வடிவம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வட்டமா, ஒரு முனையில் தொடங்கி இன்னொரு முனையில் முடியும் கோடா? பலரும் இதைக் கடைசியாக யோசிக்கிறார்கள். பெட்டியை எங்கே வைப்பது, வாடகைச் சைக்கிளை எங்கே ஒப்படைப்பது, வாங்கியதை எங்கே விற்பது என்ற மூன்றும் இதைப் பொறுத்தவை.

நாட்கள். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் குறுகிய காலத் தங்கலுக்கு 180 நாட்களுக்குள் 90 நாள்தான் வரம்பு. சைக்கிள் வாங்கவும் சரிபார்க்கவும் ஒரு வாரம் போனால் அது அந்தத் தொண்ணூறில் இருந்துதான் போகிறது. விடுப்பே மூன்று வாரம் என்றால் ஒவ்வொரு நாளும் கணக்கு.

இழப்பைத் தாங்கும் மனம். திருடு போனாலோ உடைந்தாலோ அங்கேயே விட்டுவிட்டு மேலே நடக்க முடியுமா? தனியாகப் போகிறவர் கடைக்குள் நுழையும்போது வெளியே சைக்கிளுக்குக் காவல் யாரும் இல்லை.

மொத்தச் செலவு ஆறாவது. ஒவ்வொரு வழியிலும் விளம்பரத்தில் தெரியாத செலவுகள் இருப்பதால் அவற்றை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

## சொந்தச் சைக்கிளை விமானத்தில் கொண்டுபோவது

இதன் பெரும் பலம் பழக்கம். எந்தக் கியரில் செயின் முனகும், எந்த ஸ்போக் முன்பு தளர்ந்தது, இருக்கை எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் கைக்கும் காதுக்கும் தெரிந்திருக்கும். ஆளில்லாத சாலையில் விநோதமான ஒரு சத்தம் கேட்கும்போது, அது புதிய சத்தமா பழைய சத்தமா என்று சொல்ல முடிவதே பெரிய தைரியம்.

பலவீனம் பெட்டியில் தொடங்குகிறது. சாதாரணச் சாமானுக்கு நீள அகல உயரத்தின் கூட்டுத்தொகை 158 சென்டிமீட்டர் என்று பல விமான நிறுவனங்கள் வரம்பு வைக்கின்றன. 140, 80, 20 சென்டிமீட்டர் உள்ள சைக்கிள் பெட்டியின் கூட்டுத்தொகை 240. ஆகவே அது விளையாட்டுச் சாமான் என்ற தனிப் பிரிவில் போக வேண்டும், முன்பதிவு வேண்டும், சில விமானங்களில் இத்தனை சைக்கிள்தான் என்ற எண்ணிக்கை வரம்பும் உண்டு. எடை 23 கிலோ என்றால், 15 கிலோ எஃகுச் சைக்கிளும் நாலு கிலோ பெட்டியும் போகக் கருவிகளுக்கு நாலு கிலோ மிஞ்சும். 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியாக ஏற்றுவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை, அது சுமக்கும் தொழிலாளர்களின் முதுகுக்கான வரம்பு.

பிரித்து அடைப்பது அஞ்சத்தக்க வேலை அல்ல, வரிசை தெரிந்தால் போதும். இருக்கைத் தண்டை உருவும் முன் அது நின்ற உயரத்தில் மின்நாடாவை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் அளக்க வேண்டியதில்லை. வலது பெடல் வழக்கம்போல இடப்புறமாகத் திருகினால் கழலும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. அதை வலப்புறமாகத் திருக வேண்டும். இது தெரியாமல் பலத்தைக் காட்டுகிறவர்கள் அதை மேலும் இறுக்கிவிடுகிறார்கள். பின் கியர் மாற்றியை, அது ஃபிரேமில் தொங்கும் கொக்கியிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள்ளே கட்டிவிடுங்கள். பெட்டி அந்தப் பக்கமாகக் கீழே விழுந்தால் முதலில் வளைவது அந்தக் கொக்கிதான். கூடுதலாக ஒரு கொக்கியைக் கருவிப்பையில் போடுவது நல்லது, அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு வடிவம். முன்சக்கரம் கழன்ற ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவே பிளாஸ்டிக் முட்டு ஒன்று வையுங்கள். புதிய சைக்கிள்கள் இந்த முட்டோடுதான் கடைக்கு வருகின்றன, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். டிஸ்க் பிரேக் எண்ணெயில் இயங்குவது என்றால் பட்டைகளுக்கு நடுவிலும் ஓர் அட்டைத் துண்டு வேண்டும். சக்கரம் இல்லாதபோது தவறிப் பிரேக்கைப் பிடித்தால் பட்டைகள் ஒட்டிக்கொள்ளும்.

மறைந்திருக்கும் செலவுகள் இனிமேல்தான். பெட்டி ஏறும் அளவுக்குப் பெரிய டாக்சி ஒன்று புறப்படும் நாளில் வேண்டும். அட்டைப்பெட்டியில் போனால் திரும்பும் ஊரில் இன்னொரு அட்டைப்பெட்டி தேட ஒரு நாள் போகும். கெட்டியான பெட்டியில் போனால் பயணம் முழுவதும் அதை வைத்திருக்க ஓர் இடம் வேண்டும். கோட்டுப் பயணத்துக்கு அது சரிவராது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் டயரில் ஒட்டிய மண்ணைக்கூட உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள் பார்ப்பார்கள். பயன்படுத்திய சைக்கிளை அறிவித்தாக வேண்டும், புறப்படும் முன் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். பெட்ரோல் அடுப்பு கொண்டுபோகிறவர்கள், ஒருமுறை எரித்த அடுப்பைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். மின்சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே அடைபட்டுவிட்டது: பயணி விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதி இல்லை, மின்சைக்கிள் பேட்டரிகளோ பெரும்பாலும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

இவ்வளவுக்குப் பிறகும் சில பாதைகளுக்கு வேறு வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் வழியாகப் போகும் பாமிர் நெடுஞ்சாலை அத்தகையது. 4,655 மீட்டர் உயரத்தில் அக்-பைத்தல் கணவாய், நாட்கணக்கில் கல்லும் மணலும், இடையில் முர்காப் போன்ற சிற்றூர்கள். சிலியின் கரெத்தேரா ஆஸ்திரால் இன்னொன்று, 1,200 கி.மீ.க்கு மேல் நீளும் அந்தச் சாலையில் பல பகுதிகள் சரளைதான். ஆஸ்திரேலியாவில் நல்லர்பார் சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலையில் 146.6 கி.மீ. தூரம் ஒரு வளைவுகூடக் கிடையாது, சைக்கிள் கடைக்கும் அதே நிலைமை. இங்கெல்லாம் வீட்டிலேயே சோதித்த சைக்கிள், உபரி டயர், ஸ்போக் சில, அவற்றை மாற்றத் தெரிந்த கை ஆகியவை வேண்டும். ஃபிரேம் எஃகாக இருந்தால் சாலையோர வெல்டிங் பட்டறையில்கூட ஒட்டவைத்து மேலே போகலாம். அலுமினியத்தில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வட்டப் பயணம் எதுவானாலும், பாதை கரடுமுரடோ இல்லையோ, தராசு இந்தப் பக்கமே சாய்கிறது. ஒருமுறை செலுத்தும் விமானக் கட்டணம் நாட்கள் கூடக்கூடச் சிறுத்துக்கொண்டே போகிறது.

## இறங்கும் ஊரில் வாங்குவது

காகிதத்தில் மிக அழகாகத் தெரியும் வழி இது. கையை வீசிக்கொண்டு விமானத்தில் ஏறலாம், அந்த ஊரில் கிடைக்கும் டயர் அளவே உங்கள் அளவாக இருக்கும். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளில் விளக்கு, கேரியர், சேறுகாப்பு எல்லாம் பொருத்திய சைக்கிள்கள் கடையிலேயே நிற்கும்.

புதிதாக வாங்கினால் மூன்று சிக்கல். முதலாவது, உங்கள் அளவு அன்றைக்குக் கடையில் இருக்க வேண்டும். வரவழைக்கக் காத்திருக்கும் நாட்களுக்கு விடுதி வாடகை யார் தருவது? இரண்டாவது, புதிய சைக்கிளில் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் கேபிள்கள் இழுபடும், ஸ்போக்குகள் படிந்து தளரும். ஒரு மாதம் கழித்துக் கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரிசெய்கிறோம் என்பார்கள். ஒரு மாதம் கழித்து நீங்கள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பீர்கள். திருப்புளியும் ஸ்போக் சாவியும் பிடிக்கத் தெரியாதவருக்கு உத்தரவாத அட்டை வெறும் காகிதம். மூன்றாவது, முடிவில் அதை என்ன செய்வது? விற்பது என்றால் விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது விற்பீர்கள், வாங்குகிறவருக்கு அது தெரியும், விலை அதற்கேற்ப விழும். வீட்டுக்குக் கொண்டு வந்தால் முன்னே சொன்ன பெட்டிச் செலவு அப்படியே திரும்பி வருகிறது. கூடவே சொந்த நாட்டுச் சுங்க வரியும் வரலாம்.

பழைய சைக்கிள் வாங்குவது தனிக் கலை. ஓர் அளவுகோல் கையில் இருந்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். செயினில் அடுத்தடுத்த 24 இணைப்புகளின் நீளம் புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். அது 307ஐத் தாண்டியிருந்தால் செயின் மாற்ற வேண்டும், பெரும்பாலும் பின் பல்சக்கரமும் அதோடு போகும்; அந்தச் செலவை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ரிம் பிரேக் என்றால் ரிம்மின் பக்கச்சுவரை விரலால் தடவுங்கள், குழிந்திருந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். ஃபிரேம் எண் சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் தொடக்கூடாது. ஜப்பானில் 1994 முதல் சைக்கிள்களைத் திருட்டுத் தடுப்புப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது சட்டம். ஒருவர் பெயரில் பதிந்த சைக்கிளைப் பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருக்கும்போது காவலர் நிறுத்திக் கேட்டால், மொழி தெரியாத பயணிக்கு அரை நாள் போய்விடும்.

மூன்று மாதக் கோட்டுப் பயணம், நல்ல சாலை, சைக்கிள் கடைகள் நிறைந்த நாடு, முதல் வாரத்தை அவசரமில்லாமல் செலவழிக்கும் வசதி ஆகிய நான்கும் சேர்ந்தால் இந்த வழி முதலிடம் பெறும். பூட்டிவிட்டுப் போனது காணாமல் போனாலும் மனம் உடையாது என்பது பழைய சைக்கிளுக்கு மட்டுமே உள்ள நிம்மதி. தனியாகப் போகிறவருக்கு அதன் மதிப்பு அதிகம்.

## வாடகைக்கு எடுப்பது

பயணப் பெருமை பேசுகிறவர்கள் இதைக் குறைத்து மதிக்கிறார்கள். முதல்முறை தனியாகப் போகிறவருக்கு இதைவிட நல்ல வழி பல இடங்களில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து டான்யூப் நதியோரமாக வியன்னா வரை சுமார் 320 கி.மீ. பாதை அதற்கென்றே அமைந்தது போல இருக்கும். ஆற்றோடு இறங்கும் சமதளம். ஒரு முனையில் எடுத்து மறுமுனையில் ஒப்படைக்கும் ஏற்பாட்டை அங்கே பல நிறுவனங்கள் நடத்துகின்றன. ஜப்பானில் ஒனோமிச்சியையும் இமாபாரியையும் தீவுகள் வழியே இணைக்கும் ஷிமானாமி காய்டோ சுமார் 70 கி.மீ.; வழியிலுள்ள வாடகை நிலையங்களுள் ஒன்றில் எடுத்து இன்னொன்றில் திருப்பலாம். தைவானைச் சுற்றி வரும் முதலாம் எண் சைக்கிள் பாதை 960 கி.மீ. போல வரும், வட்டப் பாதை என்பதால் ஒப்படைக்கும் கவலை இல்லை.

கவனிக்க வேண்டியவை சில. பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியாவில் வலது கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. ஐரோப்பியக் கண்டத்திலும் அமெரிக்காவிலும் பொதுவாக இடது கை முன்சக்கரத்துக்கு. சரிவில் பழக்கதோஷத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். முதல் அரை மணி நேரம் காலி இடத்தில் ஓட்டிக் கையைப் பழக்குங்கள். ஜெர்மனி, நெதர்லாந்து வாடகைச் சைக்கிள்கள் சிலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் பிரேக் பிடிக்கும், அதுவும் பழக வேண்டியது.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: நாட்டு எல்லையைத் தாண்டலாமா, திருடு போனால் முழு விலையும் உங்கள் தலையிலா, முன்பணம் எப்போது திரும்பும். பொருத்தக் குறையைப் பாதி சரிசெய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. சொந்த இருக்கையையும் பெடலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டும் சேர்ந்தே ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும். 15 மி.மீ. ஸ்பேனர் ஒன்றும் சில ஆலன் சாவிகளும் இருந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

வாடகையின் பலவீனம் நாட்களோடு வளர்வது. நான்கைந்து வாரத்துக்கான மொத்த வாடகையை எழுதி, அதே ஊரில் சுமாரான பழைய சைக்கிளின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் நெருங்கும் இடத்தில் இந்த வழியை விட்டுவிடலாம்.

## மடக்குச் சைக்கிள்

16 அல்லது 20 அங்குலச் சக்கரத்தில் மடங்கும் சைக்கிள்கள் சில, சாதாரணச் சாமான் அளவுள்ள பெட்டியிலேயே அடங்கிவிடும். ரயிலும் சைக்கிளும் மாறி மாறி வரும் பயணத்துக்கு உகந்தது. ஜப்பானில் மடித்தோ கழற்றியோ பைக்குள் முழுவதுமாக மூடினால்தான் சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியும் என்பதால் அங்கே இது வரம். சிறு சக்கரம் சரளையில் புதையும், அதன் டயர் எல்லா ஊரிலும் கிடைக்காது. நல்ல சாலைக்கு மட்டும்.

## எந்த நிலைமைக்கு எது

| நிலைமை | என் தேர்வு | தயங்க வைப்பது |
|---|---|---|
| மூன்று வாரத்துக்குள், பெயர்பெற்ற சைக்கிள் பாதை | வாடகை | எல்லை தாண்டும் தடை |
| ஒன்று முதல் இரண்டு மாதம், வட்டப் பாதை | சொந்தச் சைக்கிள் | பெட்டியை வைக்க இடம் |
| மூன்று மாதம், கோட்டுப் பாதை, கடைகள் உள்ள நாடு | அங்கே வாங்குவது, அதிலும் பழையது | முதல் வாரம் கரைவது, கடைசியில் விற்பது |
| கடைகளே இல்லாத மலை, பாலை | சொந்தச் சைக்கிள். மாற்று இல்லை | பழுது பார்க்கக் கற்க வேண்டிய காலம் |
| ரயிலோடு கலந்த பயணம் | மடக்குச் சைக்கிள் | சரளைச் சாலை |
| மின்சைக்கிளில்தான் போக முடியும் | வாடகை | ஏற்றச் சரிவுள்ள நாட்களில் சார்ஜ் |

முழங்கால், இடுப்பு, கழுத்து ஆகியவற்றில் ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்களுக்கு அட்டவணையின் முதல் வரி பொருந்தாது. இரண்டு வாரமானாலும் அவர்கள் சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோவதே நல்லது.

## டிக்கெட் வாங்கும் முன்

விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டுச் சைக்கிளைப் பிறகு யோசிப்பதால்தான் பாதிப் பேர் தவறான வழியில் போய் மாட்டுகிறார்கள். இடையில் விமானம் மாறினால் இரண்டாவது நிறுவனத்தின் சைக்கிள் விதி வேறாக இருக்கும். இரண்டு தனி டிக்கெட்டுகள் என்றால் பெட்டியை நடுவழியில் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டியையும் பக்கப்பைகளையும் தள்ளிக்கொண்டு ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஒற்றை ஆளுக்குக் கடினம். நேரடி விமானத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் இதிலேயே திரும்பிவிடுகிறது. கோட்டுப் பயணம் போகிறவரிடம், வேறு ஊரிலிருந்து திரும்பும் டிக்கெட் எங்கே என்று விமான நிலையத்தில் கேட்பதும் உண்டு. அதையும் எடுத்து வையுங்கள்.

சொந்தச் சைக்கிள் என்று மனம் சாய்ந்திருந்தால், பணம் கட்டும் முன் ஒரு வார இறுதியில் முழுச் சுமையையும் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டுங்கள். முதல் நாளின் களைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இரண்டாம் நாள் காலை இருக்கையில் உட்காரும்போது எங்கே வலிக்கிறது, சரிவில் சுமையோடு ஹேண்டில்பார் ஆடுகிறதா, கேரியர் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வலி இருந்தால் இருக்கையைச் சற்று மாற்றி அடுத்த வாரமும் ஓட்டுங்கள். அப்போதும் வலித்தால் வாடகை, வாங்குதல் என்ற இரண்டு வழிகளும் உங்களுக்கு இன்னும் திறந்தே இருக்கின்றன.